24 மில்லிமீட்டர்: தாடை மூட்டில் லேசர் அறுவை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு தையல்காரியின் குறிப்புகள்

முதலில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம்; அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அளவு தப்பும். கண்ணாடி முன் உட்கார்ந்து, முடிந்தவரை வாயைத் திறந்து, மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனிவரை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக இது 40 முதல் 50 மில்லிமீட்டர்வரை இருக்கும். அவரவர் கையில் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைத்தால் நுழைய வேண்டும். எனக்கு 24 இருந்தது. பழைய பில் புக்கின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். அந்த ஒரு பக்கம் பிறகு நான் பார்த்த எல்லா டாக்டருக்கும் நான் வாயால் சொன்னதைவிட உதவியாக இருந்தது.

கோபிச்செட்டிபாளையத்தில் இருபத்திரண்டு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். கத்தரி எட்டாத நேரத்தில் நூலை முன்பல்லால் கடித்து அறுப்பேன். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே அளவெடுப்பேன். இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. முன்பல்லால் கடிக்கும்போது கீழ்த்தாடை முன்னால் நகர்ந்து நிற்கிறது, காதோர மூட்டு அந்த நிலையிலேயே பாரம் தாங்குகிறது. இது எனக்குத் தெரிய வந்தது 43 வயதில்.

ஆறேழு வருடமாகவே வாயைத் திறந்தால் இடது காது ஓரம் ‘டக்’ என்று ஒரு சத்தம். வலி கிடையாது, அதனால் கண்டுகொள்ளவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது சத்தம் இல்லை. “ஏனுங்க, அந்தச் சத்தம் நின்னு போச்சுங்க” என்று வீட்டுக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். மத்தியானம் வாழைப்பழத்தைக் கடிக்க முடியவில்லை.

இந்த இடத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. டாக்டர்கள் டிஸ்க் என்பார்கள். வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழலும், பிறகு முன்னால் வழுக்கும். வட்டும் கூடவே போக வேண்டும். வட்டு முன்பக்கம் நழுவிவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குமிழ் அதன்மேல் தாவி ஏறும். அதுதான் சத்தம். நாளாக ஆக வட்டு மடிந்துகொண்டால் குமிழால் ஏற முடியாது, பாதியிலேயே தட்டி நிற்கும். மிஷின் காலுக்கு முன்னால் லைனிங் துணி சுருண்டு அடைத்துக்கொள்ளுமே, அது மாதிரி. சத்தம் நின்று வாயும் குறுகினால் அது குணமாகவில்லை, பூட்டிக்கொண்டது.

தாடை மூட்டுதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நான் காது என்று நினைத்து இரண்டு மாதம் சொட்டு மருந்து விட்டேன். பிறகு ஒரு பல் கிளினிக்கில் கடைவாய் ஞானப்பல்தான் காரணம் என்று பிடுங்கிவிட்டார்கள். பல் போனது, வலி போகவில்லை. எனக்கு இன்னமும் அதில் கோபம் உண்டு.

நம் ஊரில் வாய் திறக்காமல் போவதற்கு இன்னொரு பெரிய காரணம் பாக்கும் பான் மசாலாவும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, கயிறு மாதிரி இறுகி, காரம் பட்டால் எரிந்தால் அது வேறு நோய். அதற்கு மூட்டு அறுவை பயன்படாது, புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலும் கன்ன வீக்கமும் சேர்ந்து வந்தால் சீழாக இருக்கலாம். காயம் பட்டதற்குப் பிறகு தாடை இறுகினால் ரண ஜன்னியா (டெட்டனஸ்) என்று அன்றே பார்க்க வேண்டும். கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மூட முடியாமல் போனால் மூட்டு இறங்கியிருக்கிறது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடை வலித்து உட்கார்ந்தால் விட்டுப்போகிறது என்றால் இதயத்தைப் பாருங்கள். இவை எல்லாம் இல்லை என்றால் பார்க்க வேண்டியவர் முகத்தாடை அறுவை நிபுணர், ஓரல் சர்ஜன் என்பார்களே, அவர்.

கத்திக்கு முன்னால்

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறுவையே தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது, ஆனால் அதற்கு முன் நான்கு மாதம் சாதாரண வழிகளைச் செய்து பார்க்க வைத்தார் டாக்டர். வெந்நீர் ஒத்தடம் ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம். மெத்தென்ற சாப்பாடு. இரவில் பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு, நைட் கார்டு என்பது அதுதான். வலி மாத்திரை சில நாள். பகலில் பல்லும் பல்லும் தொடாமல், நாக்கு நுனி மேலண்ணத்தில் பட்டபடி, உதடு மட்டும் மூடி இருக்க வேண்டும் என்றார். கேட்க லேசாக இருக்கும், செய்து பாருங்கள்! ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடிக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மிஷின் விளக்கில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்குவேன்.

வலி பாதியாகக் குறைந்தது. அளவு மட்டும் 24இலிருந்து 26க்கு மேல் போகவில்லை. அதனால் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், வட்டு தெரியாது. எம்.ஆர்.ஐ வாயை மூடியும் திறந்தும் இரண்டு நிலையிலும் எடுக்க வேண்டும். சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று ஸ்கேன் கூடத்தில் கொடுக்கும் முன் படித்துப் பாருங்கள். மூடிய நிலையில் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து திரும்பப் போனவர்களைக் காத்திருக்கும் பெஞ்சில் பார்த்தேன். தாலிக்கொடி, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனால் வீட்டில் பெரியவர்கள் முகம் கோணாது.

மூட்டுக்குள் போகிற சிகிச்சையிலும் படிகள் இருக்கின்றன. முதல் படி வெறும் கழுவல். இரண்டு ஊசிகளை மூட்டுக்குள் செலுத்தி, ஒன்றில் ரிங்கர் லாக்டேட் சலைனை விட்டு மற்றதில் வெளியேற்றுகிறார்கள். பூட்டிக்கொண்ட தாடைக்கு இதை 1991இல் எழுதி வெளியிட்டவர்களில் முதன்மையானவர் ஜெருசலேமின் டாக்டர் டோரிட் நிட்சன். பலருக்கு இதிலேயே வாய் திறந்துவிடுகிறது. அடுத்தது ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழல் விட்டுப் பார்த்துக்கொண்டே செய்வது. தாடை மூட்டில் இதை முதலில் செய்தவர் ஜப்பானின் மசதோஷி ஓனிஷி, 1975இல். லேசர் வந்து சேர்ந்தது இந்தக் குழலோடுதான். கடைசிப் படி காதுக்கு முன்னால் கீறித் திறப்பது. முதல் சந்திப்பிலேயே யாராவது கடைசிப் படியைச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

எனக்குக் கழுவல் செய்தார்கள். 33 வரை வந்து, இரண்டு மாதத்தில் திரும்ப 27க்கு இறங்கியது. உள்ளே ஒட்டுத்தசை, அதாவது மூட்டின் உள்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நார் மாதிரியான திசு, வளர்ந்திருக்கிறது, குழல் விட்டு லேசரால் அறுக்கலாம் என்று கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள்.

எந்த லேசர் என்று கேளுங்கள்

நான் கேட்காமல் ஏமாந்த கேள்வி இது. கோயம்புத்தூர் போவதற்கு முன்னால், ‘தாடை வலிக்கு லேசர்’ என்று போர்டு வைத்திருந்த ஓர் இடத்தில் பத்து நாள் உட்கார்ந்தேன். பேனா மாதிரி ஒன்றைக் காதோரம் தோலின்மேல் வைத்து எடுப்பார்கள். பொய் சிகிச்சை என்று சொல்லமாட்டேன். குறைந்த திறன் லேசர் என்று பெயர், தசை வலி சிலருக்குக் குறைகிறது, எனக்கும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அது எதையும் அறுக்காது. தோலுக்கு வெளியே இருந்துகொண்டு மூட்டுக்குள் ஒட்டியிருப்பதைப் பிரிக்க அதனால் முடியாது. அதைத்தான் அறுவை என்று நினைத்து நான் பணம் கட்டினேன்.

மூட்டுக்குள் போவது ஹோல்மியம் லேசர். சிறுநீரகக் கல்லை உடைக்கிறார்களே, அதே வகை. இதன் அலைநீளம் சுமார் 2.1 மைக்ரான், தண்ணீர் அதைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். மூட்டை சலைனால் நிரப்பி வைத்துத்தான் வேலை செய்கிறார்கள், அதனால் நுனி தொட்ட இடத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கே வெட்டு விழும், அதைத் தாண்டிச் சூடு அதிகம் போகாது. மேல் மூட்டு அறையின் கொள்ளளவு ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான், ஒரு விரல் உறையில் கொட்டினால் நிரம்பிவிடும். அவ்வளவு சின்ன இடத்தில் கத்தரியைத் திருப்புவது கஷ்டம், மெல்லிய லேசர் இழை வளைந்து போகும். ஒட்டுத்தசையை அறுப்பது, வீங்கிச் சிவந்த உள்சவ்வைச் சுருக்குவது, வட்டின் பின்னால் தொளதொளவென்று நீண்டுபோன திசுவை லேசாகப் பொசுக்கிச் சுருங்க வைத்து வட்டைப் பின்னுக்கு இழுப்பது, இவைதான் அதன் வேலை. கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் செய்வதில்லை.

லேசர் இருந்தால்தான் நல்ல அறுவை என்றும் நினைக்க வேண்டாம். குழலை விட்டு நன்றாகக் கழுவி, ஒட்டுகளைச் சாதாரணக் கருவியால் விலக்கியே பலரைக் குணப்படுத்துகிறார்கள். கை தேர்ந்தவரிடம் பழைய உஷா மிஷினே போதும் என்பது என் தொழிலில் கண்டது.

சர்ஜனிடம் நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டவை: இந்தக் குழல் அறுவையை நீங்களே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வட்டை விடுவிக்கப் போகிறீர்களா, பழைய இடத்தில் உட்கார வைக்கப் போகிறீர்களா? குழலால் முடியாவிட்டால் அந்த மயக்கத்திலேயே கீறித் திறப்பீர்களா, இல்லை எழுப்பி என்னைக் கேட்பீர்களா? பிசியோதெரபி யார் தருவார்கள், எத்தனை வாரம்? மூன்றாவது கேள்விக்கு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நல்லதைத்தான் கேட்டீங்கம்மா. உங்க சம்மதம் இல்லாம திறக்க மாட்டேன், கையெழுத்துத் தாள்லயும் அப்படியே எழுதிடலாம்” என்றார். எழுதியும் காட்டினார். சத்தம் போகுமா என்றும் கேட்டேன். “அதுக்கு நான் பொறுப்பில்ல. வாய் திறக்கும், வலி குறையும், அதுக்குத்தான் இது” என்றார். அந்தப் பதில் பிடித்ததால்தான் அவரிடமே செய்துகொண்டேன்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் முன் அனுமதிக் கடிதத்தில் ‘பல் சிகிச்சை’ என்று வராமல், மூட்டு அறுவை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். என் விண்ணப்பம் முதல் முறை அந்த ஒரு வார்த்தையால் திரும்பி வந்தது.

அந்த நாள்

முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை என்று மயக்க டாக்டர் சொல்வார். வாய் திறக்காது என்பதால் மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். மூக்கில் சதை, தண்டு வளைவு, அடிக்கடி ரத்தம் வடிவது ஏதாவது இருந்தால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. காதோர முடியைக் கொஞ்சம் மழிப்பார்கள்.

காதுத் துவாரத்தில் பஞ்சு அடைத்துவிட்டு, காதின் முன்மேட்டிலிருந்து கண்கோடிக்குத் தோலில் ஒரு கோடு வரைவார்கள். நாங்கள் துணியில் சாக்பீஸால் போடுவது மாதிரியே. அந்தக் கோட்டில் காதிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, சற்றே கீழே முதல் துளை. 20 மில்லிமீட்டர் தள்ளி, இன்னும் கீழே இரண்டாவது. ஒன்றில் கேமரா, மற்றதில் லேசர் இழை. கேமராக் குழல் இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 16ஆம் நம்பர் மிஷின் ஊசி ஒரு மில்லிமீட்டர், அதைவிட இரண்டு மடங்கு. வெளியே வரும்போது இரண்டு துளையிலும் ஒவ்வொரு தையல். எண்ணிப் பார்த்தேன், இழுத்துக் கட்டாமல் நன்றாகவே போட்டிருந்தார்கள்.

மயக்கத்திலேயே அளந்ததில் 41 என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது. மறுநாள் காலை என் ஸ்கேலில் 27. அழுதேவிட்டேன். அழ வேண்டாம், உள்ளே விட்ட சலைன் சுற்றுத் திசுக்களில் ஊறி வீங்கியிருப்பதால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கம் கடைவாய்ப் பற்கள் சில நாள் ஒன்றோடொன்று தொடாமல் நிற்பதும் இதனால்தான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் கண்ணாடியில் இரண்டு புருவத்தையும் உயர்த்திப் பாருங்கள், கண்ணை இறுக மூடிப் பாருங்கள். நெற்றிக்குப் போகும் முகநரம்பு அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. சிலருக்கு ஒரு பக்கப் புருவம் ஏறாது, பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும். எனக்குப் புருவம் ஏறியது, காதுக்கு முன்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு மாதம் மரத்திருந்தது. காது மந்தமாகக் கேட்டால், தலை சுற்றினால், காதில் ரத்தம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோ, ஏறுகிற வீக்கமோ, கண் மூடாமல் போவதோ நேர்ந்தால் மறுநாளைக்குக் காத்திருக்காதீர்கள். மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும்.

குச்சிக் கணக்கு

அறுவை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பயிற்சி மூன்று மாதம். அறுத்த ஒட்டு திரும்ப ஒட்டாமல் இருப்பது இந்தப் பயிற்சியால்தான், இதில் சோம்பல் பட்டால் செலவழித்ததெல்லாம் வீண். மறுநாளே தொடங்கச் சொன்னார்கள். ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாள், பிறகு வெந்நீர். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

பிசியோதெரபிப் பெண் என் கையில் ஒரு கட்டு மரக்குச்சியைக் கொடுத்தாள், டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அந்தத் தட்டைக் குச்சி. எத்தனை குச்சி முன்பல்லுக்கு நடுவே சிரமமில்லாமல் போகிறதோ அத்தனையையும் அடுக்கி வைத்து, அடுக்கின் நடுவில் இன்னொன்றை மெல்லச் செருகி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். “அக்கா, இழுக்கற மாதிரி இருந்தா சரி. குத்தினா ஒரு குச்சி எடுத்துடுங்க” என்றாள். பிறகு கீழ்த்தாடையைப் பக்கவாட்டில், முன்னால் நகர்த்துவது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், தாடை கோணிக்கொண்டு இறங்காமல் நேராக இறங்க வேண்டும். நான் நிலைக்கண்ணாடியில் ஒரு வெள்ளை நூலை நெட்டாக ஒட்டி, மூக்கையும் மோவாயையும் அந்த நூலில் வைத்துக்கொண்டு செய்தேன்.

என் பில் புக்கில் இருக்கிற கணக்கு இது: முதல் வாரக் கடைசி 29, மூன்றாவது வாரம் 33, ஆறாவது வாரம் 36, மூன்றாம் மாதம் 39. நடுவில் நான்காவது வாரம் முகூர்த்த சீசன். ஆர்டர் குவிந்து ஐந்து நாள் பயிற்சியை விட்டேன், 33 என்பது 30 ஆனது. திரும்ப ஏற்றப் பத்து நாள் பிடித்தது.

சாப்பாட்டில் முதல் இரண்டு வாரம் கம்மங்கூழ், ராகிக் கஞ்சி, சாம்பாரில் ஊறிக் கரைந்த இட்லி. பிறகு குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறு, தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தகை, மசித்த முட்டை. முறுக்கு, கடலை மிட்டாய், புரோட்டா, கரும்பு, முழுக் கொய்யா எல்லாம் மூன்று மாதம் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லுங்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் முஷ்டியைக் கொடுத்துக்கொள்ளுங்கள். செய்த பக்கம் சாய்ந்து படுக்க வேண்டாம், போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிப் பேசவும் வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கடைசி சீட்டில் உட்காராதீர்கள். அவிநாசி வருவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையும் காதுக்குள் தெரியும்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. 40இல் நிற்கிறது. குளிர் நாளில் லேசாகச் சத்தம் வருகிறது, டாக்டர் சொன்ன மாதிரியே. கழுத்தில் நாடா கட்டிச் சின்ன நூல் கத்தரி தொங்கவிட்டிருக்கிறேன், கடையில் வேலை பழகும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுத்தாயிற்று. டிஸ்சார்ஜ் தாளையும் எம்.ஆர்.ஐ படத்தையும் மடிக்காமல் ஒரே கவரில் வைத்திருக்கிறேன். இனி எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அதைக் காட்டி, ஒரேயடியாக அரை மணி நேரம் வாயைத் திறந்து வைக்க முடியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூட விடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.